இரண்டு விரற்கடைக் கத்தி

மாவடிப்பேட்டையில் இருந்த கத்திகள் எல்லாம் வெட்டுவதை நிறுத்திக்கொண்ட நாளுக்கு முந்தின சாயங்காலம்தான், லாரி பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த ஜெயக்கொடி, உதுமான் பாயின் இரும்புக்கடையில் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வதற்கென்று ஒரு சின்ன மடக்குக்கத்தி வாங்கினாள். வாங்கினாள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கத்தியைத் தேர்ந்தெடுக்க அவள் பட்ட பாட்டையும், அவளால் உதுமான் பாய் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

ஜெயக்கொடி சந்தேகக்காரி. பால்காரர் ஊற்றிய பாலை விரலில் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் சிரித்தால் பையை மடிக்கு இழுத்துக்கொள்வாள். மினிவேன் ஓட்டுகிற புருஷன் தவசி ஒரு தோசை குறைத்துச் சாப்பிட்டால், மீதி வயிறு எங்கே நிறைந்தது என்று படுக்கிற வரைக்கும் யோசிப்பாள். தவசி அதிகம் பேசாதவன். பேசாதவர்கள்தான் எதையாவது வைத்திருப்பார்கள் என்பது அவள் கொள்கை.

பார்சல் ஆபீஸுக்கு வரும் மூட்டைகளை நைலான் கயிறு போட்டு இறுக்கியிருப்பார்கள். ஆபீஸ் கத்தரிக்கோல் எப்போது தேடினாலும் இருக்காது. எடுத்தது யார் என்பதில் அவளுடைய சந்தேகம் வாரத்துக்கு ஒருவர் மேல் மாறி மாறி உட்காரும். கயிற்றைப் பல்லால் இழுத்து ஈறு வீங்கி, விரல் தோல் உரிந்து, கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: தன் இடுப்பை விட்டு இறங்காத பொருள் சாவிக்கொத்து ஒன்றுதான், கத்தியும் அதிலேயே தொங்கட்டும்.

உதுமான் பாய் கடையில் பூட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை நிறைய சாவிக்கொத்துக் கத்திகள் மாட்டியிருந்தன. மீன் போலச் செய்த ஒன்றை முதலில் எடுத்துக் காது ஓரம் வைத்துக் குலுக்கினாள். உள்ளே அலகு ஆடுகிற சத்தம் கேட்டது, திருப்பி மாட்டிவிட்டாள். அடுத்ததில் கத்தரிக்கோல், நகம் ராவுகிற அரம், பாட்டில் மூடி திறப்பான், திருப்புளி எல்லாம் இருந்தன. இத்தனை எதற்கு என்று கேட்டாள். எல்லாம் ஒன்றிலேயே இருந்தால் நல்லதுதானே என்றார் பாய். இவ்வளவையும் சும்மா சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றால் வெட்டுகிறதில் ஏதோ குறை இருக்கிறது என்று சொல்லி அதையும் ஒதுக்கினாள். பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கிற ஒன்றைப் பாய் பெருமையாகக் காட்டினார். அது இடுப்பில் தானாகத் திறந்துகொண்டால் யார் பொறுப்பு, போலீஸ்காரர் பார்த்துக் கேட்டால் யார் பொறுப்பு என்று அவள் கேட்டதும் அவரே அதை உள்ளே வைத்துவிட்டார்.

இப்படிப் பல சாயங்காலம் போனது. மிஞ்சியது ஒன்று: இரண்டு பக்கமும் மரத்தகடு வைத்த, இரண்டு விரற்கடை அலகுள்ள, மடக்கினால் சுண்டுவிரல் அளவே இருக்கிற சாதாரணக் கத்தி. அதில் கம்பெனிப் பேர் இல்லை. பேர் போடாதவன் எதை மறைக்கிறான் என்று கேட்டாள். நகத்தால் நெம்பித் திறந்து பார்த்தாள். திறந்ததும் உள்ளே இருந்து ஒரு தகடு நகர்ந்து வந்து அலகைத் தாங்கிக்கொண்டது. அலகு விரல் மேல் மடங்கிவிடாமல் அந்தத் தகடு நிஜமாகவே தாங்குகிறதா என்று அலகின் முதுகை மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினாள். சணல் வெட்டினாள், செய்தித்தாள் வெட்டினாள், தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அதையும் வெட்டினாள். எல்லாம் வெட்டியது. எல்லாம் வெட்டுகிறதே என்று அதற்கும் சந்தேகப்பட்டாள்.

“இதுக்கு மேல எங்கிட்டக் கத்தி இல்ல தாயி,” என்றார் உதுமான் பாய். “இதுவும் வேண்டாம்னா உனக்குப் பல்லுதான்.”

அவள் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் வீட்டுச்சாவிக்கும் ஆபீஸ்சாவிக்கும் நடுவில் அதை மாட்டினாள். சாவிக்கொத்தில் கத்தி எதற்கு என்று தவசி கேட்டான், கயிறு வெட்ட என்றாள், ம் என்றான். அந்த ம் எந்த மாதிரி ம் என்று யோசித்துக்கொண்டே அவள் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் மாவடிப்பேட்டையில் எதுவும் வெட்டவில்லை. அரிவாள்மணையில் வைத்த வெங்காயம் வழுக்கி ஓடியது. கறிக்கடையில் ஓங்கி இறங்கிய கத்தி ஆட்டுத்தொடையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நின்றது. சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்தவர் முகத்து நுரையோடு வீட்டுக்குப் போனார். தோப்புக்காரர்களின் அரிவாள் வாழைத்தாரில் பட்டுப் பட்டுத் தாரெல்லாம் கன்றிப்போனது. கத்தரிக்கோல் துணியைக் கவ்வியது, விட்டது. குத்தவும் இல்லை, கீறவும் இல்லை. ஊசி மட்டும் ஏனோ தப்பித்தது, அதனால் தையல்காரர்கள் தைத்தார்கள், நூலைப் பல்லால் கடித்தார்கள்.

கத்திக்கு இப்படி ஆகுமா என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. யார் செய்த வேலை என்றுதான் கேட்டார்கள். முதலில் சாணைபிடிக்கிற இருளப்பன் மேல் சந்தேகம் போனது, ஏனென்றால் போன வாரம்தான் அவர் தெருத்தெருவாகச் சாணை போட்டிருந்தார். அவரைக் கூட்டிவந்து பஜாரில் நிறுத்திச் சாணைச்சக்கரத்தைச் சுற்றச் சொன்னார்கள். தீப்பொறி பறந்தது, கூர் வரவில்லை. அவர் அழுததைப் பார்த்து விட்டுவிட்டார்கள். பிறகு புதுக்கத்தி விற்கிறவர்கள் மேல் சந்தேகம் போனது. புதுக்கத்தியும் வெட்டாததால் அதுவும் நிற்கவில்லை. பிறகு யார் வீட்டில் வெங்காயம் நறுக்கின வாசம் வருகிறது என்று ஒருவர் வீட்டு ஜன்னலை ஒருவர் பார்த்தார்கள்.

சில நாளில் விவரம் பிடிபட்டது. ரயில்வே கேட்டைத் தாண்டினால் அதே அரிவாள் பளிச்சென்று வெட்டியது. கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் படுத்துக்கொண்டது. அது தெரிந்ததும் ஊர் நிம்மதியானது, ஏனென்றால் எல்லை தெரிந்த கஷ்டத்தோடு மனிதர்கள் குடும்பம் நடத்திவிடுவார்கள். சலூன்காரர் நாற்காலியையும் கண்ணாடியையும் கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்; கறிக்கடையும் அங்கே போனது; காய்கறி நறுக்கிக் கொடுக்க அங்கே ஒரு பந்தல் முளைத்தது; கேட் சாத்தியிருந்தால் போகச் சோம்பல்பட்டவர்கள் பூசணிக்காயைக் கல்லில் போட்டு உடைத்தார்கள், கத்தரிக்காயை முழுசாக வேகவைத்தார்கள், கீரையைக் கிள்ளினார்கள், மீனைத் தலையோடு குழம்பில் விட்டார்கள்; ஆண்பிள்ளைகள் கொண்டை போட்டார்கள், சிலருக்கு அது நன்றாகவும் இருந்தது; தாலுகா அதிகாரி ஒருவர் வந்து கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

இதில் கொம்பையா என்பவருக்கு உயிரே மிஞ்சியது. கொம்பையாவுக்கும் தவசியின் அண்ணன் மாசானத்துக்கும் தோப்புக் கிணற்றுத் தண்ணீரில் வழக்கு. கோர்ட்டு கொம்பையா பக்கம் சொன்னதும், பங்குனித் திருவிழாவுக்குள் அவரை வெட்டுவேன் என்று மாசானம் பஜாரில் நின்று சொல்லி, அதற்கென்று ஒரு அரிவாளும் அடித்து வைத்திருந்தார். அந்த அரிவாள் இப்போது விறகு மாதிரிக் கிடந்தது. கல்லைத் தூக்கிப் போட்டுக் கொல்வதும் கயிற்றைப் போட்டு இறுக்குவதும் கோழை செய்கிற வேலை என்று மாசானம் தானே பலமுறை சொல்லியிருந்ததால் அவருக்கு வேறு வழியும் இல்லை. கொம்பையா ரயில்வே கேட்டைத் தாண்டுவதை அடியோடு நிறுத்திவிட்டார். ஊருக்குள்ளே மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தினமும் மாசானத்தின் வாசல் வழியாக, தேவையில்லாமல் ஒருமுறை இருமிக்கொண்டு நடந்துபோனார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஜெயக்கொடியின் இடுப்பில் தொங்கிய கத்தி வெட்டிக்கொண்டிருந்தது. முதல் நாளே பார்சல் ஆபீஸில், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு கயிற்றில் வைத்து இழுத்துப் பார்த்தாள்; வெண்ணெயில் போவது போலப் போனது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஊர்க் கத்தி எல்லாம் படுத்துக்கிடக்கையில் இது மட்டும் ஏன் வெட்டுகிறது, இதை என் தலையில் ஏன் கட்டினார்கள் என்று உதுமான் பாயை நினைத்தாள், பேர் போடாத அந்தக் கம்பெனியை நினைத்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தக்காளி நறுக்கினாள். பொடிசாக நறுக்கினால் தெரிந்துவிடும் என்று கிள்ளினது போலக் கோணலாக நறுக்கினாள். தவசி குழம்பில் கிடந்த துண்டு ஒன்றைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாயில் போட்டுக்கொண்டான்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் கன்றுக்குட்டிதான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. ஒரு மத்தியானம் அது நைலான் கயிற்றில் கழுத்து சிக்கி, சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு, நாக்கு நீண்டு விழுந்துவிட்டது. முடிச்சை அவிழ்க்க நாலு பேர் முயன்றார்கள்; கல்லில் வைத்துக் கயிற்றை நசுக்க ஒருவர் ஓடினார். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த ஜெயக்கொடி, இது தன்னைப் பிடிக்கப் போட்ட வலையாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைக்கத்தான் செய்தாள். கன்றின் கண் வெளுத்ததைப் பார்த்ததும் சுவரைத் தாண்டிக் குதித்து, கத்தியைத் திறந்து, ஒரே இழுப்பில் அறுத்துவிட்டாள்.

கன்று மூச்சு விட்டது. யாரும் நன்றி சொல்லவில்லை. எல்லோரும் அறுந்த கயிற்று நுனியைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் உதுமான் பாய்க்குத் தேதி ஞாபகம் வந்துவிட்டது. அவள் கத்தி வாங்கின மறுநாள்தான் ஊர் மழுங்கியது. ஊர்க் கத்திகளின் கூர்மையையெல்லாம் அவள் மந்திரம் போட்டு இழுத்து அந்தச் சுண்டுவிரல் கத்திக்குள் அடைத்துவைத்திருக்கிறாள் என்று பாதி ஊர் சொன்னது. மீதி ஊர், அவளுக்கு அந்த அளவு சாமர்த்தியம் இல்லை, யாரோ செய்து கொடுத்திருக்கிறார்கள் என்றது. இதுநாள் வரை ஊரைச் சந்தேகமாகப் பார்த்தவளை ஊரே சந்தேகமாகப் பார்த்தது. அவள் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. பால்காரர் பால் ஊற்றிவிட்டு அவள் விரலைப் பார்த்தார்.

வியாபாரிகள் சங்கத்தில் கூட்டம் போட்டு, கத்தியை ஊருக்குப் பொதுவாக ஒப்படைக்கச் சொன்னார்கள். பொதுவில் வைத்தால் பூட்டுச்சாவி யாரிடம் இருக்கும் என்று அவள் கேட்டாள். தலைவரிடம் என்றார்கள். தலைவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கத்தி என் இடுப்பை விட்டு இறங்காது, வெட்ட வேண்டிய இடத்துக்கு நான் வருகிறேன் என்றாள். வேறு வழியில்லாததால் ஒத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து மாவடிப்பேட்டையில் அவள் இல்லாமல் அவசரமான எதுவும் அறுபடவில்லை. தொப்புள்கொடி அறுக்க ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஆள் அனுப்பினால் ஓடிப்போய், கொதித்த தண்ணீரில் கத்தியை முக்கிக் கொடுப்பாள், கொடுக்கிறபோதும் சாவிக்கொத்தை மட்டும் தன் கையிலேயே பிடித்திருப்பாள். இப்படிப் பிறந்த குழந்தைகள் எல்லாம் சாவி குலுங்குகிற சத்தத்தைக் கேட்டுத்தான் பூமிக்கு வந்தன. கல்யாண வீட்டில் வாழையிலை அறுத்தாள், பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் கட்டு பிரித்தாள். புது நகைக்கடையைத் திறந்துவைக்க வந்த பெரிய மனிதர் ரிப்பனை வெட்டக் கை நீட்டியபோது, தரமாட்டேன் என்று சொல்லி அவளே வெட்டினாள். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் அவர் வெறும் கையோடு நிற்கிறார். கூப்பிடுகிறவர்களை அவள் சும்மா விடுவதும் இல்லை: எதை வெட்ட, எதற்கு வெட்ட, யார் வெட்டச் சொன்னது, நேற்று ஏன் வெட்டவில்லை என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் நகத்தால் நெம்புவாள். ஊருக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும், அவள் கேள்விக்குப் பயந்தே வெட்ட வேண்டாம் என்று விட்ட காரியங்களும் அந்த ஊரில் நிறைய உண்டு.

வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. தவசி பாயை எடுத்துக்கொண்டு முன்னறையில் போய்ப் படுக்க ஆரம்பித்தான். உள்ளே புழுக்கம் என்றான். மார்கழி மாசத்தில் என்ன புழுக்கம் என்று அவள் கேட்கவில்லை. ஊரில் வெட்டுகிற ஒரே கத்தி தலைமாட்டில் இருக்கிற பொம்பளைக்குப் பக்கத்தில் ஒருவன் ஏன் படுக்க யோசிக்கிறான் என்பது அவளுக்குப் புரியத்தான் செய்தது. தன்னை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்பது ஊர் பார்த்த பார்வையில் அவளுக்கு உறைக்கவில்லை. முன்னறையில் அவன் புரண்டு படுக்கிற சத்தத்தில் உறைத்தது. அதோடு இன்னொன்றும் அவள் கவனித்தாள்: மாசானம் இப்போது அடிக்கடி வருகிறார், தம்பியை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசுகிறார், அவள் காபி கொண்டுவந்தால் பேச்சை மழைக்கு மாற்றுகிறார், மாற்றிவிட்டு அவள் இடுப்பைப் பார்க்கிறார்.

தை முடிகிற சமயம் அந்தக் கத்தியும் மழுங்கியது. ஊர்க் கத்திகளைப் போல ஒரே விடியலில் ஆனதல்ல இது. ஒரு ஊரின் அறுப்பு அத்தனையையும் இரண்டு விரற்கடை அலகு எத்தனை மாசம் தாங்கும். வேலை செய்து செய்து தேய்ந்து, சாணைக்கல்லும் உதவாத ஊரில், ஒருநாள் பார்சல் கயிற்றில் வழுக்கியது, மறுநாள் இலைக்காம்பில் வழுக்கியது, அதற்கு அடுத்த நாள் தக்காளித் தோலையே அழுத்திவிட்டுச் சும்மா இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சாணை போட்டுத் திரும்பினாள்; இந்தப் பக்கம் வந்ததும் போட்ட கூர் போய்விட்டது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மழுங்கிவிட்டது என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நல்ல கத்தியை ஒளித்துவைத்துவிட்டு நாடகம் போடுகிறாள் என்பார்கள். அவளே அவர்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்வாள். அதனால் எப்போதும் போலப் போனாள், எப்போதும் போலக் கேள்வி கேட்டாள், வெட்டுகிற நேரத்தில் மட்டும் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானைக்குள் நகத்தாலும் பல்லாலும் பிய்த்தாள். ஈறு பழையபடி வீங்கியது. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் மட்டும், இரும்பு கருத்துவிட்டது, பச்சைப்பிள்ளைக்கு ஆகாது, பிரசவத்துக்கு ஆட்களைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்விடுங்கள் என்று சொல்லி வைத்தாள்.

மாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த தவசி, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்த சோற்றைச் சாப்பிடாமல் கையைக் கழுவிவிட்டு வந்தான்.

“ஏளா, அந்தக் கத்தியக் கொஞ்சம் குடேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் எதையும் கொடு என்று கேட்டதில்லை. அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“எதுக்கு?”

“அண்ணன் கேக்கான். இலை அறுக்கணுமாம்.”

“ஞாயித்துக்கெழம உங்க அண்ணன் வீட்டுல என்ன விசேஷம்? எனக்குச் சொல்லலியே.”

தவசி தரையைப் பார்த்தான். கத்தி இலைக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. வெயில் தாழ்ந்தால் கொம்பையா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு கழுத்துக்கு இரண்டு விரற்கடை போதும் என்று கறிக்கடையில் மாசானம் யாரிடமோ சொன்னதாக ஒரு பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது. இத்தனை வருஷமாகத் தோசையை எண்ணியும் சட்டையை மோந்தும் அவள் தேடின விஷயம் இதுதானா. இந்த மனுஷன் இப்படித்தானா.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மழுங்கிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சாவிக்கொத்தை எடுத்தாள். வளையத்தை நகத்தால் பிரித்து, நகம் மடங்கி வலித்தும் விடாமல், கத்தியை மட்டும் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். தக்காளி வெட்டாத கத்தி கொம்பையாவின் கழுத்தை என்ன செய்யும்; அவர் பிழைத்துக்கொள்வார்; என் புருஷன் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். இப்படித்தான் அவள் நினைத்தாள். தவசி கத்தியை மூடினபடியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனான்.

அவன் போன பிறகுதான் அவளுக்கு மற்றது ஒவ்வொன்றாகத் தோன்றியது. வெட்டாத கத்தியோடு இரண்டு பேர் ஒருவர் மேல் பாய்ந்தால் அந்த ஒருவர் சும்மா நிற்பாரா. கொம்பையாவுக்குக் கல்லைத் தூக்குவதில் வெட்கம் கிடையாது. அவருடைய மச்சினர்கள் பஜாரில் நாலு கடை வைத்திருக்கிறார்கள். கத்தி வெட்டவில்லை என்று தெரிந்ததும் மாசானமே, ஏமாற்றினாயா என்று தம்பி மேல் திரும்பலாம். இத்தனையும் தெரியாமல் அந்த மனுஷன் வெறுங்காலோடு போகிறான், தெரிந்தே நான் அனுப்பியிருக்கிறேன். சோறு காய்ந்தது. தெருவில் யார் சத்தம் போட்டாலும் அவள் எழுந்து எழுந்து பார்த்தாள். இத்தனை நாள் அவனைப் பற்றிச் சந்தேகப்பட்டதெல்லாம் ஒரு கணக்கே இல்லை என்பது போல, அவன் திரும்பி வருவானா என்கிற ஒரே சந்தேகம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வெயில் சாய ஆரம்பித்ததும் அவளால் முடியவில்லை. வீட்டைப் பூட்டாமல், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூட்டாமல், மாசானத்தின் வீட்டுப் பக்கம் ஓடினாள்.

குளத்துக்கரையில் அவன் எதிரே வந்துகொண்டிருந்தான். ஒரு பக்கக் கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. வேட்டியில் முழங்கால் வரைக்கும் சேறு ஒட்டியிருந்தது. கை இரண்டும் வெறுங்கை.

“கத்தி எங்க?” என்றாள். அவள் கேட்க நினைத்தது அதை அல்ல.

“குளத்துல போட்டுட்டேன்.”

அவள் கோபத்தில் பேசாமல் நிற்கிறாள் என்று நினைத்து அவன் அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தான். அவன் அவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. மாசக்கணக்காக அண்ணன் நச்சரித்துக்கொண்டிருந்தானாம். உன் பொண்டாட்டி கையில் இருந்து நீதான் வாங்க முடியும் என்று காலையும் மாலையும் வந்து நின்றானாம். இன்றைக்குக் கொண்டுவராவிட்டால் நானே வந்து பிடுங்குவேன், அவள் தடுத்தால் அவளையும் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். அதனால் அவளிடம் வாங்கி, நேரே குளத்துக்கு வந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, கை வலிக்க நடுக்குளத்துக்கு வீசிவிட்டு, பிறகு அண்ணன் வீட்டுக்குப் போய், இனிமேல் அது இல்லை என்று சொன்னானாம். அண்ணன் அடித்தானாம். அடிக்கட்டும் என்று நின்றுகொண்டானாம்.

“அண்ணங்கிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு வராது,” என்றான். “கத்தியே இல்லன்னா, இல்லன்னு சொல்லலாம்லா.”

ஜெயக்கொடி குளத்தைப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

“முன்னறையில போய்ப் படுத்தீங்களே, அது எதுக்கு?”

தவசி கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

“உனக்குப் பயந்துதான்,” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது, இரண்டையும் முழுங்கிக்கொண்டாள். அது மழுங்கின கத்தி, ஒரு தக்காளியைக்கூட வெட்டாது, தெரிந்துதான் உங்கள் கையில் கொடுத்தேன் என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவனுடைய கன்னத்தைப் பார்த்தாள். அந்த மனுஷன் பிறந்ததிலிருந்து எடுத்த ஒரே முடிவு அந்தக் குளத்தில் கிடக்கிறது. வெட்டுகிற கத்தி என்று நம்பித்தான் அதை எறிந்திருக்கிறான். அடி வாங்கியதும் அதற்காகத்தான். இப்போது உண்மையைச் சொன்னால் அவன் எறிந்தது ஒரு இரும்புத் துண்டு ஆகிவிடும், வாங்கின அடி வீண் அடி ஆகிவிடும்.

ஆனால் சும்மா இருந்தாலும் ஆபத்து. அவளைத் தெரிந்தவன் அவன். எத்தனையோ சாயங்காலம் பொறுக்கி வாங்கின கத்தியைக் குளத்தில் போட்டுவிட்டேன் என்று சொன்னதும் இவள் பேசாமல் வருகிறாள் என்றால், ஏன் என்று அவனுக்குக்கூடச் சந்தேகம் வரும்.

அதனால் அவள் திட்ட ஆரம்பித்தாள். அது என்ன கத்தி தெரியுமா என்று ஆரம்பித்து, கடை அட்டையில் தொங்கினதையெல்லாம் காதில் வைத்துக் குலுக்கி, மேஜையில் வைத்து அழுத்தி, தலைமுடியைப் பிடுங்கி வெட்டிப்பார்த்து வாங்கின கத்தி என்று சொல்லி, ஊரே படுத்துக்கிடந்தபோது ஒற்றையாக நின்று வெட்டின கத்தி என்று சொல்லி, இன்றைக்குக் காலையில்கூட வெண்ணெயில் போவது மாதிரிப் போச்சே, அதைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டு, கரை முழுக்க, பஜார் முழுக்க, எதிரே வெள்ளைச் சட்டையில் இருமிக்கொண்டு வந்த கொம்பையா ஒதுங்கி நின்று வழிவிட, கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்க்க, தெரு திரும்புகிற வரைக்கும் திட்டினாள். மாசானத்தின் காதுக்கும், வியாபாரிகள் சங்கத்தின் காதுக்கும், இனி அந்தக் கத்தி இல்லை என்பது அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

தவசி வீங்கின கன்னத்தைத் தடவிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஆனால் முதுகை நிமிர்த்தி, அவளுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தான். அவள் மூச்சு வாங்க நிறுத்தினபோதெல்லாம், மேலே சொல்லு என்பது போல ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.